ஒரு சேலைக்கு எவ்வளவு மண்?

பள்ளம் விழாத வயல்

ஆரணியிலிருந்து இரண்டு பொருள்கள் ஓயாமல் வெளியூர் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்று, ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் அரைத்து மூட்டை கட்டிய அரிசி. இன்னொன்று, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலை. அரிசி வயலில் விளைந்தது. பட்டு, மல்பெரி இலையைத் தின்ற புழு கக்கிய நூல். அந்த இலையும் ஏதோ ஒரு வயலில் விளைந்ததுதான். இரண்டுமே மண் கொடுத்தவை என்கிறோம்.

அப்படியானால் ஒரு குழந்தை கேட்கும் கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். கிணற்றில் நீர் இறைத்தால் மட்டம் இறங்குகிறது. குன்றில் கல் உடைத்தால் குன்று குறைகிறது. ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியில் மணலை அள்ளினால் ஆற்றில் பள்ளம் விழுகிறது. ஆனால் அதே ஆற்றின் கரையில், தலைமுறை தலைமுறையாக நெல்லை அறுத்துக் கட்டுக் கட்டாக வெளியே எடுத்துப் போகிறார்கள். வயல் மட்டும் ஏன் பள்ளமாகவில்லை? செடிக்குச் சோறு போட்டது மண் என்றால், அந்தச் சோறு எதிலிருந்து வந்தது?

மண் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

தொட்டியில் நட்ட மரம்

ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன், இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் இதே கேள்வியைத் தராசில் வைத்துப் பார்த்தார். ஒரு பெரிய தொட்டியில், நன்றாக உலர்த்திய 200 பவுண்டு மண்ணை, அதாவது சுமார் 90 கிலோவைக் கொட்டினார். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். வெளிப் புழுதி விழாமல் தொட்டியை மூடி, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுகள் பொறுத்தார்.

பிறகு மரத்தைப் பிடுங்கி எடை போட்டார். 169 பவுண்டு. மரம் முப்பது மடங்குக்கு மேல் பெருத்திருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டார். குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். ஒரு கைப்பிடிகூட இல்லை. அறுபது கிராமுக்கும் குறைவு.

மரம் முழுக்க முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648இல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை பதிவாகியிருக்கிறது. முடிவில் பாதிதான் சரி. இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, வெயிலின் துணையோடு தண்ணீருடன் சேர்த்து உடம்பாக்கிக் கொள்கின்றன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றும் தண்ணீரும்தான். வயலில் பள்ளம் விழாததற்குக் காரணம் இதுவே. ஆலையை விட்டுப் போகும் அரிசி மூட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் வானத்திலிருந்து வந்த பொருள்.

அப்படியென்றால் மண் எதற்கு? செடி நிற்க ஒரு பிடிமானம் மட்டும்தானா? இல்லை. வான் ஹெல்மான்ட் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 2 அவுன்ஸில்தான் விடை இருக்கிறது. அதைத் தேடி ஒரு குழிக்குள் இறங்குவோம்.

தறிக்குழியின் சுவர்

ஆரணியிலும், சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்ட ஊர்களிலும் பழைய நெசவாளர் வீடுகளில் குழித்தறியைப் பார்க்கலாம். நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதிப்பார். மேலே பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், நீண்டு கிடக்கும்; அதன் ஊடே நாடா ஓடும். காலுக்குக் கீழே இருப்பது மண்.

புதிதாகத் தறி போட, வெறும் மனையில் குழி வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய சுவரைப் பார்த்தால் அது ஒரே நிறமாக இருக்காது. மேலே ஒரு சாண் அளவுக்கு மங்கிய பழுப்பு. வேர் நுனிகளும் மக்கிய சருகுத் தூளும் கலந்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அதற்குக் கீழே நிறம் சிவக்கும், மண் இறுகும், ஈரமாக இருந்தால் விரலில் ஒட்டும். சில இடங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தட்டுப்படும். அதைச் சுக்கான் என்பார்கள். அத்தோடு தறிக்குழி முடிந்துவிடும். கிணறு வெட்டுகிறவர்கள் இன்னும் கீழே போவார்கள். அங்கே கையால் உதிர்க்கக்கூடிய சிதைந்த பாறை வரும். அதற்கும் கீழே கடப்பாரையில் நெருப்புப் பறக்கும் கெட்டிப் பாறை.

மேலிருந்து கீழ்வரை தெரியும் இந்த அடுக்குவரிசையை மண்ணடுக்கு என்று அழைப்போம். மண்ணை ஆராய்கிறவர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஒரு குழி வெட்டி இதைத்தான் பார்ப்பார். ரஷ்யரான வாசிலி டோகுசாயெவ், தம் நாட்டின் கரிசல் நிலங்களைப் பற்றி 1883இல் எழுதிய நூலில் இந்த அடுக்குகளை ஒரு வரலாறாகப் படித்துக் காட்டினார். தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை உண்டாக்குகின்றன; ஒன்று மாறினாலும் மண் மாறிவிடும். மண்ணியல் ஒரு தனி அறிவியலாகத் தலையெடுத்தது அங்கிருந்துதான்.

பாறையைக் கரைக்கும் மழை

ஆரணியின் அடியில் கிடப்பதும், மேற்கே ஜவ்வாது மலையாக எழுந்து நிற்பதும் மிகப் பழைய பாறைகள். நைஸ், சார்னோக்கைட் என்ற வகைகள்; வயது 250 கோடி ஆண்டுகளை ஒட்டியது. சென்னைக்காரர்கள் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பார்க்கும் பாறையும் சார்னோக்கைட்தான்.

இவ்வளவு கெட்டியான பாறையை மண்ணாக்குவது மழை. மேகத்திலிருந்து விழும் துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சோடாவில் இருக்கும் அதே மென்மையான அமிலம் அதில் உருவாகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்கள் மூச்சுவிடும் கரியமில வாயுவும் அதில் சேர்கிறது. இந்த நீர் பாறையின் கனிமங்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கரைந்து களியாக மாறுகிறது. குவார்ட்ஸ் எளிதில் கரையாது. அது உதிர்ந்து மணலாகிறது. பாறையிலிருந்த இரும்பு வெளியே வந்து காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கிறது. ஆரணிச் செம்மண்ணின் சிவப்பு, பழைய கடப்பாரையில் நாம் பார்க்கும் துருவின் சிவப்புதான்.

அவிழ்ந்த பாறையிலிருந்து கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பரஸ் ஆகியவை விடுபடுகின்றன. வான் ஹெல்மான்டின் 2 அவுன்ஸில் இருந்தவை இவையே. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் சேர, இடத்தைப் பொறுத்து நூறு ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டு வரை ஆகும். குழிச்சுவரில் தெரியும் அந்த ஒரு சாண் மேல்மண் சேரத் தொடங்கிய நாளில் ஆரணி என்ற ஊரே இல்லை.

பாதி வெற்றிடம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறிக்காரர்களுக்கு ஒரு துன்பம் வரும். கூரை ஒழுகியிருக்காது; வாசல் வழியாகவும் வெள்ளம் வந்திருக்காது. ஆனாலும் தறிக்குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். இறைத்துக் கொட்டினாலும் மறுபடி ஊறும். மழை விட்டு நாள்கள் ஆன பிறகும் தறியில் உட்கார முடியாது. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை.

கெட்டியான தரைக்குள் இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது? மண் கெட்டியே இல்லை என்பதுதான் பதில். நல்ல மேல்மண்ணை ஒரு படி அளந்து எடுத்தால், அதில் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி துளைகள். அந்தத் துளைகளில் காற்றும் தண்ணீரும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி எல்லாத் துளைகளையும் நிரப்பிவிடுகிறது. நாம் வெட்டிய குழியும் நீருக்கு இன்னொரு துளைதான்; அதிலும் வந்து நிற்கிறது.

துளைகளில் பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. பெரிய துளையில் தண்ணீர் நிற்காது. தன் எடையாலேயே கீழே இறங்கி, காற்றுக்கு வழிவிடும். மயிரிழையைவிட நுண்ணிய துளையிலோ தண்ணீர் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும். வெயில் காய்ந்தாலும் எளிதில் போகாது. பெரிய துளையால் வேர் மூச்சுவிடுகிறது. சிறிய துளையால் தாகம் தீர்க்கிறது. இரண்டும் கலந்திருக்கும் மண்ணே நல்ல மண். சித்திரை வெயிலில் காற்று வறண்டு போனால் பட்டு இழை முறுகி அறுந்துவிடும். அப்போது குழிக்குள்ளிருந்து மெல்லக் கசியும் ஈரம் பாவைப் பதமாக வைத்திருக்கிறது. கார்த்திகையில் தறியை நிறுத்தும் அதே துளைகள் சித்திரையில் தறியை ஓடவிடுகின்றன.

இதில் களிக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. களித்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். நம் செம்மண்ணில் இருக்கும் சாதாரணக் களியில் ஒரே ஒரு கிராமை எடுத்து, எல்லாத் தகடுகளின் பரப்பையும் கூட்டினால் 10 சதுர மீட்டரைத் தாண்டும். விரித்துப் போட்ட ஒரு சேலையைவிட அது பெரிது. அவ்வளவு பரப்பிலும் கால்சியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை அடித்துப் போகாமலும், வேர் கேட்டால் மறுக்காமலும் வைத்திருக்கிற பிடி அது.

ஒரு சேலையின் கணக்கு

இனி ஒரு சேலையை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடப்போம். முந்தியும் கரையும் சேர்த்து, சரிகை நீங்கலாக, அதில் அரைக் கிலோ பட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் எல்லாம் தோராயக் கணக்குகள். வயலும் ரகமும் பருவமும் மாறினால் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.

கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டில் ஒரு பசை இருக்கும். கொதிக்கும் சோப்பு நீரில் அதைப் போக்கினால் ஏறத்தாழ கால் பங்கு எடை போய்விடும். ஆகவே அரைக் கிலோ பட்டுக்குச் சுமார் 660 கிராம் கச்சாப் பட்டு வேண்டும். அதற்கு நாலரைக் கிலோ பட்டுக்கூடு வேண்டும். எண்ணிக்கையில் இரண்டாயிரத்துக்கும் மேல். அத்தனை புழுக்களும் முட்டையிலிருந்து வந்து, நான்கு முறை தோலுரித்து, சந்திரிகைத் தட்டில் ஏறிக் கூடு கட்டும்வரை தின்ற மல்பெரி இலை சுமார் 70 கிலோ.

இந்த 70 கிலோ இலையைப் பிரித்துப் பார்ப்போம். ஐம்பது கிலோ வெறும் தண்ணீர். உலர்ந்த பொருள் இருபது கிலோ. அதை எரித்தால் மிஞ்சும் சாம்பல் சுமார் 2 கிலோ. பாறையிலிருந்து அவிழ்ந்து வந்த கனிமங்கள் இவை. எரியும்போது புகையோடு போய்விடும் இன்னொரு பொருளும் அதில் உண்டு, அதுதான் நைட்ரஜன். உழவர்கள் தழைச்சத்து என்பார்கள். அது ஏறத்தாழ 700 கிராம். மற்றதெல்லாம் காற்றும் தண்ணீரும் சேர்ந்து ஆன உடம்பு. எழுபது கிலோ இலையில் வேர் வழியாக மண்ணிலிருந்து ஏறியது, தண்ணீர் நீங்கலாக, மூன்று கிலோவுக்கும் குறைவு.

சேலைக்கு வருவோம். பட்டு ஒரு புரதம். அதன் எடையில் 18 விழுக்காடு நைட்ரஜன். அரைக் கிலோ சேலையில் 90 கிராம். கனிமச் சாம்பல் என்று சொல்லும்படி அதில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. ஆக, மண் வழியாக வந்து சேலையில் தங்கிய பொருள் இந்த 90 கிராம் தழைச்சத்துதான்.

இலையில் இருந்தது 700 கிராம். சேலைக்குப் போனது 90 கிராம். மீதி எங்கே? கொஞ்சம் பசையோடு போயிற்று. கொஞ்சம் கூட்டுக்குள் இருந்த புழுவின் உடம்பில். இரண்டும் சேர்ந்து நூறு கிராமை ஒட்டி வரும். மிச்சம் 500 கிராம், புழுவின் எச்சத்திலும் தின்னாமல் விட்ட இலைக் காம்பிலும் இருக்கிறது. புழு வளர்ப்பவர்கள் அந்தக் கழிவைக் குழியில் மக்கவிட்டு வயலுக்கே திருப்பிப் போடுவது வழக்கம். அது வெறும் சிக்கனம் இல்லை. மண்ணிடம் வாங்கியதில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் வழி அது.

நிலம் எவ்வளவு? பாசனம் உள்ள நல்ல தோட்டத்தில், வி-1 என்ற மல்பெரி ரகம் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 60 டன் வரை இலை தரும். ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோ. நம் சேலைக்கு வேண்டிய 70 கிலோவுக்குச் சுமார் 12 சதுர மீட்டர். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர். அந்தச் சிறு துண்டில் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தால் 5 டன் இருக்கும். 90 கிராம் தழைச்சத்துக்காக 5 டன் மண் ஓர் ஆண்டு முழுக்க வேலை செய்திருக்கிறது.

அந்த வேலை என்ன?

மூன்று முடிச்சு

நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அந்தப் பன்னிரண்டு சதுர மீட்டருக்கு மேலே, வானத்தின் எல்லைவரை நிற்கும் காற்றில் மட்டும் 90 டன்னுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. செடிக்குத் தேவை 700 கிராம். ஆனாலும் இலையால் அதைத் தொட முடியாது. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று முடிச்சு போட்டுப் பிணைந்து கிடக்கின்றன. இயற்கையில் இதைவிட இறுக்கமான முடிச்சுகள் அரிது. மின்னல் வெட்டும்போது கொஞ்சம் அவிழும். மற்றபடி, இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவை சில வகை நுண்ணுயிர்கள் மட்டுமே. நிலத்தில் அவற்றுக்கு வீடு மண்.

ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை எங்கும் உண்டு. ஒரு கடலைச் செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அங்கே இருக்கிறது. ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அந்த முடிச்சுக்குள் குடியிருந்து, காற்றின் நைட்ரஜனை அவிழ்த்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஜெர்மானியரான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் இதை நிறுவினார்கள். கடலைக்குப் பின் போட்ட பயிர் செழிக்கும் என்பதை உழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

மனிதனும் இந்த வித்தையைக் கற்றான். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். 1913இல் தொழிற்சாலை வந்தது. இன்று நாம் போடும் யூரியா அந்த வழியில் வந்ததே. அதற்குப் பல நூறு டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். கடலை வேரில் இருக்கும் நுண்ணுயிர் அதே முடிச்சை வயலின் சாதாரணச் சூட்டில் அவிழ்க்கிறது.

மல்பெரிக்கு இப்படி வேர்முடிச்சு கிடையாது. வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லம் போன்றவை கொஞ்சம் கொடுக்கின்றன. மற்றதற்கு அது மட்கை நம்பியிருக்கிறது. மட்கு என்பது செத்த இலையும் வேரும் சாணமும் சிதைந்து, மண்ணோடு கலந்து கருமையாகித் தங்கிய பகுதி. நம் 5 டன் செம்மண்ணில் மட்கோடு கட்டுண்ட தழைச்சத்து இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கலாம். நுண்ணுயிர்கள் அதில் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் அவிழ்த்து வேருக்குத் தரும். அதாவது வெறும் ஐம்பது அறுபது கிராம். செடி கேட்பதோ 700. ஆகவே தொழுவுரமும் உரமும் போட்டே ஆகவேண்டும். வி-1 ரகத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 கிலோ தழைச்சத்தும், 20 டன் தொழுவுரமும் பரிந்துரைக்கிறார்கள்.

யூரியாவே போதுமே, மட்கு எதற்கு என்று கேட்கலாம். கொட்டிய யூரியாவை ஒரே நாளில் குடித்துவிட வேரால் முடியாது. பிடித்து வைக்க மட்கும் களியும் இல்லாவிட்டால் அடுத்த பாசனத்தில் அது கீழே இறங்கி, கிணற்று நீரில் நைட்ரேட்டாகச் சேரும். வாங்கிய சத்தைச் சேமித்து, வேர் கேட்கும்போது அளந்து கொடுக்கும் இடம் மண். அந்த வேலையை எந்தப் பையிலும் அடைத்து விற்க முடியாது.

மண்ணுக்குக் கஞ்சி போடுகிறவர்கள்

ஒரு கிராம் நல்ல மண்ணில் பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கும். கூடவே பூஞ்சை இழைகள், நூற்புழுக்கள், உண்ணிகள், மண்புழுக்கள், கறையான்கள். உலகில் உள்ள உயிரினங்களில் பாதிக்கு மேல் மண்ணில்தான் வாழ்கின்றன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இவை தின்று கழிப்பதோடு நிற்பதில்லை. ஆரணித் தெருக்களில் காலையில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சி இழைகளை ஒட்டி, உறுதியாக்கி, தறியில் அறுந்து போகாமல் காக்கிறது. மண்ணில் நடப்பதும் அதுவே. பாக்டீரியாக்கள் ஒரு பசையைச் சுரக்கின்றன. வேரோடு கூட்டு வைத்து வாழும் வேர்ப்பூஞ்சைகள் நூலிழைகளால் துகள்களைச் சுற்றிக் கட்டுகின்றன. மணலும் களியும் மட்கும் சேர்ந்து சோற்றுப் பருக்கை போன்ற சிறு உருண்டைகளாகின்றன. மண்பருக்கை என்று இவற்றுக்குப் பெயர் வைப்போம். பருக்கைக்குள் நுண்துளை, அங்கே தண்ணீர் தங்கும். பருக்கைக்கும் பருக்கைக்கும் இடையே பெருந்துளை; அங்கே காற்று ஓடும். முன்பு சொன்ன அந்த வெற்றிடத்தைக் கட்டியவை இந்த உயிர்களே.

மண்புழுவின் உழைப்பைச் சார்லஸ் டார்வின் தம் வீட்டு நிலத்திலேயே அளந்தார். 1842இல் ஒரு வயல்மேல் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டுகள் கழித்துக் குழி வெட்டிப் பார்த்தபோது, அந்த வெள்ளைப் படலம் 7 அங்குலம் கீழே போயிருந்தது. யாரும் புதைக்கவில்லை. மண்புழுக்கள் அடி மண்ணைத் தின்று மேலே கழித்துக் கழித்து, கல்லை மூடிவிட்டன. 1881இல், சாவதற்கு முந்தைய ஆண்டு, அவர் வெளியிட்ட கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது.

எடை குறையாமல் சாகும் மண்

மண் சாகுமா? சாகும். ஆரணிக்கு வடக்கே பாலாற்றங்கரையில் அதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நிலத்தில் கலந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பு எடுத்துக்காட்டப்பட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்துவிட்டது என்றது அந்தக் கணக்கெடுப்பு.

அங்கே மண்ணை யாரும் அள்ளிப் போகவில்லை. எடை போட்டால் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. நடந்தது வேறு. தோல் பதனிடப் பயன்படும் உப்பில் சோடியம் இருக்கிறது. களித் தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த கால்சியத்தைச் சோடியம் வெளியே தள்ளிவிடும். பிடி விட்ட தகடுகள் தனித்தனியாகப் பிரிந்து துளைகளை அடைக்கும். பருக்கை குலையும். தண்ணீர் இறங்காது, காற்று நுழையாது, உப்பேறிய நீரை வேரால் இழுக்கவும் முடியாது. கஞ்சி போகக் கழுவிய பாவு சிக்குப் பிடிப்பதுபோல மண் சிக்குப்பட்டுவிடும். தறி அங்கேயே நிற்கும், நெய்ய முடியாது.

இதைவிடச் சத்தமில்லாத சாவுகளும் உண்டு. செங்கல்லுக்காக மேல்மண்ணை வெட்டி விற்றுவிட்டால், பல நூற்றாண்டில் சேர்ந்த அந்த ஒரு சாண் ஒரு வாரத்தில் லாரி ஏறிவிடும். எடுத்துக்கொண்டே இருந்து, எருவாக எதையும் திருப்பாவிட்டால், நம் ஊர் வெயிலில் மட்கு சீக்கிரம் எரிந்து தீரும். மட்கு தீர்ந்தால் நுண்ணுயிர் பட்டினி, பசை இல்லை, பருக்கை இல்லை, அடுத்த மழையில் மண் கரைந்து ஏரிக்குப் போகும்.

நம் முன்னோர் அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியையும் வைத்திருந்தார்கள். கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டினார்கள். மேட்டு நிலத்திலிருந்து மழை அடித்துச் சென்ற களியும் மட்கும்தான் அந்த வண்டல். போனதை மீட்டு வந்தார்கள். இன்றும் ஏரி வண்டலை உழவர்கள் எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு அனுமதி தருகிறது. நெல் நடுவதற்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும் இதே அறிவுதான். காற்றில் மூன்று முடிச்சு போட்டுக் கிடந்த நைட்ரஜனை அந்தச் செடியின் வேர்முடிச்சுகள் அவிழ்த்து வைத்திருக்கும். உழுதவுடன் அது மண்ணின் சேமிப்பாகிவிடும்.

கேள்விக்குப் பதில்

ஒரு சேலைக்கு எவ்வளவு மண்?

எடையில் கேட்டால், மண்வழி வந்தது 90 கிராம். அந்த 90 கிராமும் ஆதியில் காற்றிலிருந்தது. மண் அதைப் பிடித்தது, அவிழ்த்தது, சேமித்தது, அளந்து கொடுத்தது. நெய்தவரின் எடையும் இப்படித்தான் சேலையில் ஏறுவதில்லை. பாவும் ஊடையும் பட்டு, கரையில் சரிகை. நாள்கணக்காகத் தறியில் உட்கார்ந்து மிதித்தவரின் உடம்பில் ஒரு துளிகூட அதில் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த நூல் சேலையாகியிருக்காது. வயல் பள்ளமாகாததும் இதனால்தான். மண் தன் உடம்பைக் கொடுப்பதில்லை, உழைப்பைக் கொடுக்கிறது. உழைப்பவருக்குக் கூலி கொடுக்காமல் எவ்வளவு காலம் வேலை வாங்க முடியுமோ, மண்ணிடமும் அவ்வளவு காலம்தான் வாங்க முடியும்.

இடத்தில் கேட்டால், மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர், ஓர் அடி ஆழம், ஓர் ஆண்டு. ஆரணியில் தறி நிற்கும் ஓர் அறைக்குள் போய் நின்று பாருங்கள். தறியும், நீட்டிய பாவும், குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து அடைக்கும் தரை ஏறக்குறைய அவ்வளவே. ஒரு சேலை நெய்ய எவ்வளவு தரை வேண்டுமோ, அந்தச் சேலைக்கான பட்டு விளையவும் அவ்வளவு தரைதான் வேண்டும்.